ஐந்து வம்சாவளிகள் சொன்ன அக்கா

எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று முதலில் சொன்னது கம்ப்யூட்டர்தான். அம்மா காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள், கூடப் பிறந்தவர்களும் கிடையாது. திருச்சி வீட்டுக்குள் என்னை ‘வாடி போடி’ என்று கூப்பிட இனி ஆளில்லை. பொழுது போகாமல், வம்சாவளி எழுதிவைக்கும் இணையதளம் ஒன்றில் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் போட்டேன். தாத்தா கருப்பண்ணன், இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து அங்கேயே செத்தவர். அப்பா ராமையா, இரு நாட்டு ஒப்பந்தத்தில் இந்தியா திரும்பியவர். நான் பிறந்தது இங்கே. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாளே தளம் செய்தி அனுப்பியது. வேறு ஐந்து பேர் எழுதிய வம்சாவளிகளில் என் தாத்தா இருக்கிறாராம். ஐந்திலும் அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் செல்லையா, இளையவர் என் அப்பா. செல்லையாவின் ஒரே மகள் பாக்கியம் இன்னும் அதே தோட்டத்தில் இருக்கிறார். தனக்கு ஓர் அண்ணன் உண்டு என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அப்பா எதைத்தான் சொன்னார்? அண்ணன் தம்பிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நானே கதை கட்டிக்கொண்டேன்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் ரத்த வங்கியில். அங்கே முதல் பாடம், ரத்தம் எடுத்த ஒரு குழாயின் சீட்டைப் பார்த்து இன்னொரு குழாய்க்குச் சீட்டு எழுதக் கூடாது என்பது. படுத்திருக்கும் ஆளிடமே போய்ப் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். ஒருத்தி தப்பாக எழுதியதை நாலு பேர் பார்த்து எழுதினால் தப்பு ஐந்தாகுமே தவிர, சரியாகாது. புதிதாக வரும் பெண்களிடம் இதைத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அதே நான், ‘சேர்’ என்ற பொத்தானை அழுத்தி, செல்லையாவையும் பாக்கியத்தையும் என் வம்சாவளிக்குள் இழுத்துப் போட்டேன். ஆதாரம் என்று ஒரு கட்டம் இருந்தது. ‘பிற வம்சாவளிகள்’ என்று நிரப்பிவிட்டு எழுந்து காபி போட்டேன்.

அப்புறம் மனசு கேட்கவில்லை. உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்று ஐந்து பேருக்கும் எழுதினேன். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார், அவர் வேறொருவரை. ஓர் அம்மாள், ‘எல்லாரும் அப்படித்தானே போட்டிருக்கிறார்கள்’ என்று கேட்டார். கடைசியில் எல்லாக் கைகளும் கனடாவில் இருக்கும் ஒருவரைக் காட்டின. பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே வெளியேறியவர். அவர் பாக்கியத்தின் போன் நம்பரை அனுப்பினார். எப்படித் தெரியும் என்பதற்கு மட்டும், ‘வேலை நெருக்கடி, பிறகு எழுதுகிறேன்’ என்றார்.

நான் போன் செய்தேன். “ராமையா மக பேசுறேன். உங்க சித்தப்பா மக,” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “வாங்க. ஒருக்கா வந்துட்டுப் போங்க,” என்றது ஒரு கட்டைக் குரல். அந்த மௌனத்தைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். அதுவரை பாஸ்போர்ட்டே இல்லாதவள், பாஸ்போர்ட் எடுத்தேன். அக்காவுக்கென்று அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடிப் புடவையும் மணப்பாறை முறுக்கும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மலை ரயிலைப் பற்றி எல்லாரும் புகழ்ந்து எழுதியாயிற்று. புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவில் தொங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். உங்களையும் எடுத்துத் தரட்டுமா என்று ஒரு பெண் சைகையில் கேட்டாள். எடுத்து யாருக்கு அனுப்புவது? வேண்டாம் என்று தலையாட்டினேன். குளிர் ஏற ஏற, ஜன்னலை மூட வேண்டி வந்தது. அது மூடவில்லை. திருச்சியில் ஜன்னல் திறக்காமல் செத்தவள் இங்கே மூடாமல் செத்தேன்.

பண்டாரவளையில் வண்டி நின்றது. ரயில்வே ஆள் ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் மூட்டை முடிச்சைத் தூக்கினார்கள். பெரிய ஊர், இறங்குகிறார்கள் என்று நினைத்து நான் காலை நீட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முழுப் பெட்டியும் எனக்கே சொந்தம். விளக்கும் அணைந்தது.  அப்போது எதிர் சீட்டில் வந்த சிங்கள அம்மாள் பிளாட்பாரத்தில் திரும்பி வந்து ஜன்னலைத் தட்டினார். கையை மேலிருந்து கீழே சரித்துக் காட்டினார். வழியில் மண் சரிவு, ரயில் இனிப் போகாது. என் பையில் ஒரு கையைப் போட்டுத் தூக்கிக்கொண்டு பதுளை பஸ் வரைக்கும் கூடவே வந்தார்.

பஸ்ஸில் முன் சீட்டு காலியாக இருந்தது. நம் ஊர் வழக்கத்தில் பாய்ந்து உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டி ஒரு புத்த பிக்கு ஏறினார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. தலைக்கு மேல், மதகுருமாருக்கு என்று தமிழிலும் எழுதியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். “அம்மா, அது சாமிமாருக்கு. பின்னால வாங்க,” என்றார் கண்டக்டர், நல்ல தமிழில். அந்தச் சிங்கள அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். அதற்குப் பிறகு கண்டக்டர்தான் எங்களுக்குள் மொழிபெயர்ப்பாளர்.

“புள்ளைங்க எத்தனைன்னு கேக்குறாங்க.”

“இல்லை.”

“வீட்டுக்காரர்?”

“அதுவும் இல்லை.”

அந்த அம்மாள் நீளமாக என்னவோ சொன்னார். கண்டக்டர் சுருக்கிவிட்டார். “அப்ப யாரைப் பாக்க இவ்வளவு தூரம் தனியா வந்தீங்கன்னு கேக்குறாங்க.”

“அக்காவைப் பார்க்க,” என்றேன். இந்த வாக்கியத்தை என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல நன்றாக இருந்தது. அந்த அம்மாள் கூடையிலிருந்து இரண்டு பேரிக்காய் எடுத்து என் மடியில் வைத்தார். ஒன்று எனக்கு, ஒன்று அக்காவுக்காம்.

பதுளையில் எடுத்த அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் புடவை இருந்த பை. காலையில் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலித்தது. அன்று எங்கும் போகாமல் ஊருக்குள்ளேயே சுற்றினேன். விடாத தூறல். கடைகளின் பெயர்ப் பலகையில் தமிழ் இருந்தால் போதும், ஒன்றும் வாங்க வேண்டியதில்லை என்றாலும் நின்று முழுதாகப் படித்தேன். பஜாரில் ஒரு முஸ்லிம் பெரியவரின் சாப்பாட்டுக் கடை. இடியப்பமும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். சம்பலின் காரத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. டீ கேட்டால் பாலில்லாமல் கறுப்பாக வந்தது. இத்தனை தேயிலை விளைகிற ஊரில் பால் ஊற்றி டீ தர ஏன் யோசிக்கிறார்கள் என்று கேட்டேன்.

“இங்க பிளேன்டீதான் டீ. பால் வேணும்னா பால்டீன்னு கேட்டு வாங்கணும்,” என்றார் கடைக்காரர். “இந்தியாவா? தனியாவா வந்தீங்க?”

திருச்சியில் ஒரு வருஷமாக நான் தனியாக மார்க்கெட்டுக்கும் பாங்குக்கும் போய்வருகிறேன், ஒரு பிள்ளை கேட்டதில்லை. இந்த நாட்டில் பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். கேட்காத ஊரே தேவலை என்று தோன்றியது.

அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் கனடாக்காரரின் பதில் போனில் வந்தது. ‘கருப்பண்ணன் இறந்தபோது கொள்ளிக்குடம் உடைத்து மொட்டை போட்டுக்கொண்டவர் செல்லையா என்று அந்தத் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் என்னிடம் சொன்னார்கள். கொள்ளிக்குடம் உடைப்பவர் மூத்த மகன்தானே. ஆகவே மகன் என்று எழுதினேன்’ என்று இருந்தது.

கடைசியில் ஓர் ஆதாரம். எதையோ பார்த்து எழுதியதல்ல, ஆட்களிடம் நேரில் கேட்டு எழுதியது. மகனில்லாதவன் எதற்காக மொட்டை போடப் போகிறான்? “எங்க பெரியப்பாதாங்க அது,” என்று கடைக்காரரிடம் சத்தமாகச் சொன்னேன்.

“முந்தி சந்தேகமா இருந்துச்சா?” என்றார் அவர். கேட்காமலே பால்டீ ஒன்று கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் பசறை வழியாக லுணுகலைக்குப் பஸ். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் எங்கள் டிரைவருக்கு யாரோடோ போட்டி. டிக்கெட் கொடுத்தவரே எல்லார் வீட்டுச் சேதியும் விசாரித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்த பெண் மடியில் ஒரு கோழியை வைத்துக்கொண்டு தூங்கினாள். கோழி தூங்கவில்லை, வழி முழுக்க என்னையே பார்த்தது. லுணுகலையில் இறங்கி த்ரீவீலர் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். ஸ்டோர் என்று அங்கே சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை வரைக்கும்தான் வண்டி ஏறும். அதற்கு மேல் படிக்கட்டுகள், மழையில் பாசி பிடித்தவை.

லயம் என்றால் என்ன என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், உள்ளே ஒட்டி ஒட்டிக் குடித்தனங்கள். ஒவ்வொரு குடித்தன அறைக்கும் காம்பரா என்று பெயர். அப்பா பிறந்த இடம் இதுதான் என்று தெரிந்தும் மனசில் ஒன்றும் எழவில்லை. நான் தேடி வந்தது இடத்தையல்ல. கடைசிக் காம்பராவின் வாசலில் ஒல்லியாக, நெட்டையாக ஒரு பெண் நின்றிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கலாம். நான் என் மூக்கை, என் நெற்றியை அவர் முகத்தில் தேடினேன்.

“பாத்து வாங்க, படி வழுக்கும்,” என்றார். அதே கட்டைக் குரல்.

உள்ளே உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார். சீனியை டம்ளரில் போடவில்லை. என் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து, நக்கிக்கொண்டே குடிக்கச் சொன்னார். பிறகு தேங்காய்ப்பூ போட்ட கனத்த ரொட்டி, இடித்த மிளகாய்ச் சம்பல். சாப்பிட்டு முடிகிறவரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டாராம். மகன் கத்தாரில், வருவதே இல்லையாம். நான் புடவையை எடுத்துக் கொடுத்தேன். “அக்கா, இது உங்களுக்கு,” என்றேன். அவர் கையை நீட்டவில்லை.

“மொதல்ல ஒன்னு சொல்லிப்புடுறேன். அதுக்கப்பறம் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுங்க,” என்றார். “நான் ஒங்களுக்கு அக்கா இல்லீங்க.”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கனடாக்காரரின் பதிலை எடுத்துக் காட்டினேன். கொள்ளிக்குடம் உடைத்தது உங்கள் அப்பா இல்லையா என்று கேட்டேன்.

“எங்கப்பாதான். என் கண்ணால பாத்தேன். மொட்டத் தலையோட வந்தப்ப அடையாளம் தெரியாம பயந்து அழுதேன், சின்னப் புள்ள அப்ப. அதுல பொய்யில்ல.”

“அப்புறம்?”

“ஒங்கப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாஸ்போட்டு வந்துருச்சு. ஒங்க தாத்தாவுக்கு வரல. நீங்க மொதல்ல போங்க, நான் அடுத்த கப்பல்ல வந்தர்றேன்னு அவருதான் அனுப்பி வச்சாரு. அனுப்பிட்டுக் கொஞ்ச நாள்ல காச்சல்ல போயிட்டாரு. இங்க பெத்த புள்ள பக்கத்துல இல்லாட்டி அடுத்த காம்பராக்காரன் செய்வான். எல்லாத் தோட்டத்துலயும் நடக்குறதுதான். அடுத்த காம்பரா நாங்க. எங்காளுங்க நாமக்கல் பக்கம், ஒங்க தாத்தா துறையூர்ப் பக்கம். ஊரும் வேற, சாதியும் வேற. ஒரே கங்காணிக்குக் கீழ பேரு பதிஞ்சு கொழுந்து பறிக்க மலைக்குப் போனவங்க, அவ்வளவுதான்.”

நான் விடவில்லை. அது உங்களுக்கு யாராவது சொன்னதாக இருக்கும், சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று வாதாடினேன். ரத்த வங்கியில் தன் பெயர் இது இல்லை என்று சொல்கிற நோயாளியிடம் ‘சீட்டில் இருக்கிறதே’ என்று சண்டை போட்டாளாம் ஒருத்தி. அந்த முட்டாளாக நான் இருந்தேன்.

பாக்கியம் கோபப்படவில்லை. “எங்க தாத்தா, எங்கப்பாவப் பெத்தவரு, அப்ப உசுரோட இருந்தாருங்க,” என்றார். “தகப்பன் இருக்கிறவன் எவனாச்சும் மொட்டை போடுவானா, கொள்ளிக்குடம் தூக்குவானான்னு இந்த வாசல்லதான் உக்காந்து திட்டிக்கிட்டு இருந்தாரு. ரெண்டு நாளு சோறு திங்கல. செத்தவரு எங்கப்பாவுக்கு அப்பான்னா, வாசல்ல உக்காந்து திட்டுனவரு யாரு?”

 அக்கா போய்விட்டாள். ஐந்து வம்சாவளிகளில் இருந்தவள், அரக்கு நிறம் பிடிக்குமோ என்னவோ என்று நான் கவலைப்பட்டவள், ஒரு கேள்வியில் இல்லாமல் போனாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

“போன்லயே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?”

வந்திருக்க மாட்டேன். இரண்டு பேருக்கும் அது தெரியும். அவர் எழுந்து அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார். “இந்த வாசலுக்கு ஆளு வந்து ரொம்ப நாளாச்சு. சித்தப்பா மகன்னு நீங்க சொன்னப்ப ஆமான்னும் சொல்ல வாய் வரல, இல்லன்னும் சொல்ல மனசு வரல. அப்பறம் இன்னொன்னு இருக்கு. அந்தக் கனடாப் பையன் எங்கப்பாவ மகன்னு எழுதிட்டான். மகன் செஞ்சா அதுல என்ன இருக்கு? செஞ்சுதான் ஆகணும். எங்கப்பாவுக்கு ஒரு கடமையும் கெடையாது. பெத்த தகப்பன் கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டுச் செஞ்சாரு. அத ஒங்க தாத்தா ஆளுங்க ஒருத்தர் கிட்டயாச்சும் நேருல சொல்லணும்னு இருந்துச்சு. எங்கப்பாவ மகன்னு எழுதாதீங்க.”

பிறகு என்னைத் தாத்தாவைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனார். மேட்டில் நாலைந்து கல்லறைகளும் நிறையப் புல்லும். எது அவருடையது என்று பாக்கியத்துக்கும் நிச்சயமில்லை. “இந்தப் பக்கம்தான்” என்று பொதுவாகக் கையை வீசினார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை. நான் அந்தப் பக்கமாகப் பார்த்துக் கும்பிட்டேன். பேரிக்காய் இரண்டும் பையிலேயே இருந்தன. ஒன்றை அவரிடம் கொடுத்தேன், அங்கேயே நின்று ஆளுக்கொன்றாகத் தின்றோம்.

இருந்துவிட்டுக் காலையில் போகலாம் என்றார். நான் இருக்கவில்லை. இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு நேரம் என்னால் சாப்பிட முடியும் என்று தோன்றவில்லை. ஸ்டோர் வரைக்கும் படியிறங்கி வந்தார். புடவையை மறுபடி நீட்டினேன். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார். நிறம் எப்படி என்று கேட்டேன். “வயசானவளுக்கு இம்புட்டுப் பளபளப்பா?” என்றார். ஆனால் மடிப்பைப் பிரித்து முந்தானையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார், என் வண்டி திரும்புகிற வரைக்கும்.

அடுத்த நாள் ரயில் ஓடியது. மண்ணை அள்ளிவிட்டார்களாம். பெட்டி நிரம்பி வழிந்தது. முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு போனில் வம்சாவளியைத் திறந்தேன். ஐந்து பேருக்கும் நடந்ததை எழுதினேன். எல்லாரும் அப்படித்தானே போட்டிருக்கிறார்கள் என்று கேட்ட அம்மாளுக்குக் கொஞ்சம் காரமாகவே எழுதினேன். தாத்தாவின் பெயருக்குக் கீழே ஒரே மகன், ராமையா. செல்லையாவை மகன் என்ற இடத்திலிருந்து எடுத்தேன். அவரோடு பாக்கியமும் போனார். என் வம்சாவளியில் என்னைத் தவிர உயிரோடு இருந்த ஒரே பெயர் அது.

தாத்தாவின் இறப்பு விவரத்தில் ‘கொள்ளிக்குடம் உடைத்தவர் செல்லையா’ என்று எழுதினேன். இறந்தவருக்கு என்ன உறவு என்று தளம் கேட்டது. ‘உறவு இல்லை’ என்று எழுதினேன். இதைவிட உயர்வாக ஒரு மனிதனைப் பற்றி எழுத முடியாது என்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்தது ஆதாரக் கட்டம். ‘பாக்கியம், செல்லையாவின் மகள், கண்ணால் கண்டவர், என்னிடம் நேரில் சொன்னது’ என்று எழுதினேன். தகவல் தந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று தளம் அதற்கும் கேட்டது. கீழே அம்மா, மகள், சகோதரி என்று வரிசையாகப் பெயர்கள். சகோதரி என்பதன் மேல் போய் நின்ற விரலை எடுத்தேன். கடைசி வரியில் இருந்த ‘உறவு இல்லை’ என்பதைத் தொட்டுவிட்டு, அவ்வளவு கூட்டமான பெட்டியில் எல்லாரும் பார்க்க அழுதேன்.